பெரிய எழுத்தில் ஒரு துட்டிச் செய்தி

1

நான் இங்கே அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம் நிறைந்ததற்காக ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி நம் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். பனியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். சங்கரன்கோயில் வெயிலில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் குளிராவது கிடைக்கட்டும் என்று நினைப்பு. ஆனால் இடையில் ஒரு சாவு விழுந்துவிட்டது. செத்தவர் நம் ஊர்க்காரர். அவர் மகன் இங்கே, எனக்கு அரைநாள் பேருந்துத் தூரத்தில் இருக்கிறான். நடுவில் நின்று கையைப் பிசைந்தவன் நான். பனி இருக்கட்டும். இன்னும் நாலைந்து மாதத்துக்கு அது எங்கும் போகாது.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சாதனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் அறை ஒன்று உண்டு. டைப்ரைட்டர் மாதிரி விசைகள், அதற்கு மேல் டிவி மாதிரி ஒரு திரை, திரையில் பச்சை எழுத்து. இந்தக் கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பி வழியாக மற்றப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களோடு கோத்திருக்கிறார்கள். அதில் குழுக்கள் இருக்கின்றன. சமையலுக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று. நீங்கள் ஒரு சுவரில் கரித்துண்டால் ஒரு வரி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மறுநாள் அதே சுவர், அதே வரியோடு, நூறு ஊர்களில் நிற்கிறது. எந்த ஊரிலிருந்தோ ஒருவர் அதற்குக் கீழே பதில் எழுதுகிறார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் உங்களுக்குத் தெரியாது.

வந்த புதிதில் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. வகுப்பு முடிந்தால் அந்த அறைதான். என்னோடு அறையில் தங்கியிருக்கும் காதர் கடையநல்லூர்க்காரன். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"ஊர்ல இருந்தா பாலத்துச் சுவர்ல உக்காந்து வம்பளந்துருப்பீரு வே. இங்கன அதுக்குக் கரண்டு வேற செலவு" என்பான்.

2

முகம் தெரியாத இடத்தில் சண்டை சீக்கிரம் வரும். அதனால் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்கென்று நடத்தை விதிகளை எழுதி அங்கேயே போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் தொடங்கி, பலபேர் கை பட்டுத் திருந்தியது. எனக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. முழுவதையும் படித்துவிட்டு, காதரை உட்காரவைத்து அவனுக்கும் சொன்னேன்.

வந்ததும் வராததுமாக எழுதாதே, கொஞ்ச நாள் சும்மா இருந்து படி. கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாதே, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்துப் பார். ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அவருக்கே தனி அஞ்சலில் அனுப்பு. 'எனக்கும் அதே கருத்து' என்று ஒரு வரி எழுதி ஊர் நேரத்தை வீணாக்காதே. பதில் சொல்லும்போது முன்னவர் எழுதியதில் தேவையான வரியை மட்டும் எடுத்துப் போடு, முழுவதையும் திரும்பப் போடாதே. ஆங்கிலத்தின் பெரிய எழுத்திலேயே, அதாவது கேப்பிடலிலேயே, எல்லாவற்றையும் எழுதாதே, அது காதுக்குள் வந்து கத்துவது மாதிரி. அந்தப் பக்கம் இருப்பதும் ஒரு மனுஷன் என்பதை மறக்காதே.

இதைத் தட்டியில் எழுதி நம் பஸ் ஸ்டாண்டில் கட்டினால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் பந்தி நடக்கிற இடத்திலும் ஒன்று கட்டலாம்.

இந்தியர் குழுவில் அந்தப் பெரிய எழுத்து விதியை ஒருவர் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. இ. முத்து என்று கையெழுத்துப் போடுவார். விலைவாசியோ, கிரிக்கெட்டோ, இட்லிக்கு இங்கே எந்த அரிசி வாங்குவது என்பதோ, எல்லாமே பெரிய எழுத்துதான். ஒருத்தர் மேசைமேல் ஏறி நின்று இட்லி அரிசியைப் பற்றி முழங்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு முறையும் யாராவது "ஐயா, கத்தாதீர்கள்" என்று எழுதுவார்கள். ஆனாலும் அவர் மாறவில்லை. முரட்டு ஆசாமி என்று குழுவே முடிவு கட்டிவிட்டது. அவர் எழுத்தைப் படிக்காமல் தாண்டிப்போவது வழக்கமாகிவிட்டது.

3

சென்ற மாதம் ஒருநாள் காலை திரையைத் திறந்தபோது இ. முத்துவின் செய்தி ஒன்று இருந்தது. தாண்டிப் போகப் பார்த்தவன், ஊர்ப் பெயரைப் பார்த்து நின்றேன். தமிழில் சொன்னால் இதுதான்:

'என் தந்தை சங்கரன்கோயிலில் இறந்துவிட்டார். நான் அறை மாறியிருந்ததால் தந்தி பழைய முகவரிக்குப் போய், தகனம் முடிந்த பிறகே என் கைக்கு வந்தது. பதில் தந்தி அடித்தேன். வீட்டில் தொலைபேசி இல்லை. தெரிந்தும் வராமல் இருந்துவிட்டேன் என்று என் தாயார் நினைத்துவிடக் கூடாது. அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டார் ஒருவரை நேரில் அனுப்பி, நேரத்தில் எனக்குத் தெரியாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கண்டக்டர் சுப்பையா வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும்.'

அத்தனையும் பெரிய எழுத்தில்.

கண்டக்டர் சுப்பையாவை எனக்கும் தெரியும். புளியங்குடி வண்டியில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க சாமி, உள்ள ரெண்டு ஊரு காலியா கெடக்கு" என்று ஆட்களை ஏற்றிக்கொண்டே இருப்பார். மூச்சு முட்டும் கூட்டத்திலும் சிரிப்பு வந்துவிடும். அவர் மகனா இந்த முரட்டு ஆசாமி என்று நம்ப முடியவில்லை.

அடுத்த செய்தியைத் திறந்தேன். 'இது பொது விவாதத்துக்கான குழு. சொந்த விஷயங்களுக்குத் தனி அஞ்சல் இருக்கிறது. தயவுசெய்து கத்தவும் வேண்டாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மேல் இன்னொருவர் பாய்ந்திருந்தார், உமக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று. மூன்றாமவர், இன்றைக்குச் சாவுச் செய்தியை அனுமதித்தால் நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை வரும் என்றார். நான்காமவர், விதிகளை எழுதியவர் யார், அவருக்கு இந்தியப் பண்பாடு தெரியுமா என்றார். சாயந்தரம் போய்ப் பார்த்தால் திரை நிரம்பி வழிந்தது.

அதில் ஒரு கொடுமை. முன்னவர் எழுதியதை எடுத்துப் போட்டுப் பதில் எழுதும்போது, எடுத்துப் போட்ட வரிகளின் தொடக்கத்தில் ஒரு அம்புக்குறி வந்துவிடும். அந்தப் பதிலுக்குப் பதில் என்றால் இரண்டு அம்புக்குறி. சண்டைக்காரர்கள் யாரும் எதையும் வெட்டவில்லை. 'என் தந்தை சங்கரன்கோயிலில் இறந்துவிட்டார்' என்ற வரி மூன்று அம்பு, நான்கு அம்பு, ஐந்து அம்பு தாங்கிக்கொண்டு மறுபடி மறுபடி வந்தது. அதற்குக் கீழே விதியைப் பற்றிய வாதம். அவர் கேட்ட உதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நிதானமாக ஒரு செய்தி எழுதிப் போட்டேன். நண்பர்களே, ஒருவர் தந்தையை இழந்து நிற்கிறார், இந்த வாதத்தை இங்கே நிறுத்தலாமே என்று. மறுநாள் அதற்கே பதில்கள் குவிந்திருந்தன. வாதத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு யார் கொடுத்தது என்று ஒருவர். நிறுத்தச் சொல்வதைத் தனி அஞ்சலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னொருவர். தீயை அணைக்கப் போய் நானும் ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"வாப்பா மௌத்தாயிட்டாருன்னு ஒருத்தன் சொல்லுதான். அவன்கிட்ட போயி எழுத்து பெருசா இருக்கு, சின்னதா இருக்குன்னா பேசுவாங்க?" என்றான் காதர். "ஒம்ம விதியில இதுக்கு ஒண்ணும் போடலியா வே?"

போடவில்லை. அதைவிட என்னை வதைத்தது நம் ஆட்களின் மௌனம். அந்தக் குழுவில் தமிழர்கள் நிறையப்பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் இரண்டு கையையும் நீட்டுவோம். வீட்டுக்காரர் தொட்டுக்கொள்வார். ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருவோம். அங்கே பேச்சுக் கொடுப்பதுதான் மரியாதைக் குறைவு. இவர்களும் ஆளுக்கொரு திரைக்கு முன்னால் அப்படித்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

4

என் அண்ணன் நம் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். கடையில் தொலைபேசி உண்டு. இங்கே இரவு, அங்கே கடை திறக்கிற நேரம். ஆபரேட்டரிடம் ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, காத்திருந்து, லைன் கிடைத்தது.

"ஏலே சேது, என்னல திடீர்னு? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. கண்டக்டர் சுப்பையா வீட்டுத் துட்டி..."

"அது அமெரிக்கா வரைக்குமா வந்துட்டு?"

"அவரு மவன் இங்கனதான இருக்கான்."

அண்ணன் குரல் இறங்கியது. "அவன் பேச்சையே இங்கன எடுக்க முடியாதுல. மவன் வருவான் வருவான்னு மறுநா சாயந்தரம் வரைக்கும் ஐஸ்கட்டிய வச்சுப் போட்டுருந்தாங்க. கடைசில அவன் பெரியப்பா மவன்தான் கொள்ளி வச்சான். எல்லாம் முடிஞ்ச பெறகு வருது ஒரு தந்தி, எனக்கு நேரத்துல தெரியலன்னு. எங்க முதலாளியே சொல்லுதாரு, படிச்ச பயலுக்குச் சாக்கு சொல்லவா தெரியாதுன்னு. மருந்து வாங்க வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதே பேச்சுதான்."

"சாக்கு இல்லண்ணே. தந்தி பழைய ரூமுக்குப் போயிட்டு. நீ போயி அவங்க அம்மாகிட்ட சொல்லணும்."

"எங்க, துட்டி வீட்டுலயா? கையக் குடுத்தமா, உக்காந்தமா, எந்திரிச்சமான்னு இல்லாம, ஒங்க மவன் விஷயம் இப்படின்னு பஞ்சாயத்துப் பேசச் சொல்லுதியா? மருவாதியா இருக்குமால?"

"அப்பம் அவங்கள போனுக்குக் கூட்டிட்டு வாயேன். அவன பேசச் சொல்லுதேன்."

"நல்லாருக்குல. வீட்டுக்காரரப் பறிகுடுத்தவங்கள, பதினாறு கழியுறதுக்கு முன்ன வாசப்படியத் தாண்டி மருந்துக்கடைக்கு வாங்கன்னு கூப்பிடச் சொல்லுத. ஒரு வருஷத்துல நீ இம்புட்டும் மறந்துட்ட."

"பதினாறு வரைக்கும் அந்தம்மா அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கணுமாண்ணே?"

யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பாக்கேன்" என்றான்.

அந்த அம்மாவிடம் போய்ச் சேரவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இங்கே குழுவில் அது பேசத்தகாத சொந்த விஷயம். அங்கே துட்டி வீட்டில் பேசத்தகாத வெளி விஷயம். இங்கேயும் அங்கேயும் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் நடந்துகொள்ள வேண்டிய முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

இசக்கிமுத்துவுக்கு (இ. முத்துவின் முழுப்பெயரை அண்ணன்தான் சொன்னான்) தனி அஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். அதற்கும் இல்லை. சில நாள் கழித்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"போனேம்ல. கையக் குடுத்துட்டு, குனிஞ்சு மெதுவா சொல்லிட்டேன். பக்கத்துல ஒருத்தி காதுல விழுந்துட்டு. 'ஆமா, அமெரிக்காக்காரனுக்கு அமெரிக்காக்காரன் வக்காலத்து'ன்னுட்டா. நாலுபேரு தலைய ஆட்டுதாங்க. எனக்கு அங்கன இருக்க முடியல."

"அந்தம்மா?"

"நிமிந்து பாத்தாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அவன் தலை எடுத்தானான்னு."

தகப்பன் செத்தால் மகன் மொட்டை போடுவது நம் பக்கத்து வழக்கம். ஊரில் இல்லாதவனும், சேதி கேட்ட இடத்தில் தலை எடுத்துக்கொள்வான். அவன் எடுத்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? குழுவில் அதைக் கேட்டு எழுத முடியுமா?

"நேர்ல போயிரும் வே" என்றான் காதர். "இதுக்கு மேல அந்தப் பொட்டிய நம்பாதீரும்."

5

அரைநாள் பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் செய்திகளின் அடியில் துறையின் பெயர் இருக்கும். அதை வைத்து விசாரித்து, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தேன். என் வயதுதான். ஒல்லி. தலையில் கம்பளித் தொப்பி. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவ்வளவு மெல்லிய குரல்.

நான் பதில் சொல்லாமல் இரண்டு கையையும் நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தொட்டுக்கொண்டான். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சங்கரன்கோயிலா?" என்றான்.

"ஆமா. மருந்துக்கடையில இருக்காரே, அவரு தம்பி. ஒங்களுக்கு அஞ்சல்கூடப் போட்டேன்."

"பாக்கல. அந்த அம்புக்குறி எல்லாத்தையும் பாத்த பெறகு நான் மிஷினையே போடல."

மூலையில் அந்த இயந்திரம் இருந்தது. எங்கள் அறையில் இருப்பதைவிடப் பழையது, வேறு எந்தத் துறையிலோ கழித்துக் கட்டியதாக இருக்கும். கை சும்மா இராமல் அதைப் போட்டு விசைகளைத் தட்டிப் பார்த்தேன். எதைத் தட்டினாலும் பெரிய எழுத்துதான் விழுந்தது.

"இதுல சின்ன எழுத்தே கெடையாது" என்றான்.

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒரு தடவைக்கு மூணு தடவை. அதையும் பெரிய எழுத்துலதான சொன்னேன்? யாரும் படிக்கல."

சிரிக்கக்கூடாத நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் கொஞ்சம் சிரித்தான். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒங்கம்மா ஒண்ணு கேட்டுருக்காங்க. தலை எடுத்தீங்களான்னு."

தொப்பியைக் கழற்றினான். முன்பக்கம் வழவழவென்று இருந்தது. பின்பக்கம் அங்கங்கே திட்டுத்திட்டாக முடி, நடுநடுவே காய்ந்த கீறல்கள்.

"சலூனுக்குப் போனேன். எதுக்கு முழுசா எடுக்கணும்னு கேட்டான். எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரல. அதான் நானே எடுத்தேன். பின்னால கை எட்டல."

அவன் ரேசரையும் சோப்பையும் வாங்கி, மிச்சத்தை நான் எடுத்துவிட்டேன். வேலை சுத்தம் என்று சொல்ல முடியாது. அவன் ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.

6

இதை எழுதும் இன்றைக்கும் குழுவில் அந்தச் சண்டை ஓயவில்லை. இப்போது அது எந்த மாநிலத்தார் மரியாதை தெரிந்தவர்கள் என்பதில் வந்து நிற்கிறது. யாருடைய அப்பா செத்தார் என்பதே பாதிப்பேருக்கு நினைவில்லை. இசக்கியின் இயந்திரத்தைப் பற்றி நான் சின்ன எழுத்தில் விளக்கமாக எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. புதிதாக வந்த ஒருவர் மட்டும், பழைய இயந்திரங்களை எங்கே விலைக்குப் போடலாம் என்று விசாரித்திருந்தார்.

நான் போயிருந்த அன்று இரவு இசக்கி குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டு, அவர் தொலைபேசியில் அண்ணனைப் பிடித்தோம்.

"தலை எடுத்துருக்கான்ணே. நான் கண்ணால பாத்தேன்."

"வச்சுராத. ரெண்டு தெருதான, சைக்கிள்ல போயி அந்தம்மாட்ட சொல்லிட்டு வந்துருதேன்."

போனை மேசைமேல் கிடத்திவிட்டு அண்ணன் ஓடுவது கேட்டது. நான் இசக்கியின் கையில் கொடுத்தேன். அவன் காதில் வைத்துக்கொண்டு, கேட்பதை எனக்கு மெல்லச் சொன்னான்.

"பக்கத்துல தறி ஓடுது... எவனோ வண்டிய ரிவர்ஸ் எடுக்கான்... ஒரு அம்மா இருமல் மருந்து கேக்காங்க."

அப்போது அந்தப் பக்கம் ஒரு பெரிய குரல். எனக்கே கேட்டது. கடை முதலாளி.

"போன எடுத்து எவம்ல கீழ போட்டது? அலோ. யாரு வே அது?"

இசக்கி என்னைப் பார்த்தான். ஊர் முழுக்க இவனைச் சாக்குச் சொல்கிறவன் என்று பேசிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். வைத்துவிடச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவன் வைக்கவில்லை.

"கண்டக்டர் சுப்பையா மவன் இசக்கிமுத்து பேசுதேன்" என்றான். எனக்கே கேட்காத குரலில்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் நிறைந்து வழிந்தது. வந்ததிலிருந்து நான் பார்க்க அவன் அழுதது அப்போதுதான்.

"லைன் போயிட்டா?" என்று கேட்டேன்.

"இல்ல. கடையில பேசிக்கிட்டு நின்னவங்களையும் பேசாதீங்கன்னுட்டாரு போல. ஒரு சத்தமும் இல்ல." கையால் கண்ணைத் துடைத்தான். "மூச்சு மட்டும் கேக்கு. இருக்காரு."

அம்மா நம்பிவிட்டார் என்ற சேதியோடு அண்ணன் திரும்பி வந்து போனை வாங்குகிற வரைக்கும், அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே இருந்தார்கள்.